எந்தப் பூட்டு முதலில்

பெட்டியை ஆன் செய்தால் எச்சரிக்கை வரும். திரையில் எழுத்துகள் சரசரவென்று ஓடும்போது நடுவில் ஒரு பத்தி மட்டும் கூச்சல் போடும். சார்ஜர் பகுதியில் பூட்டு வரிசை தவறு என்று அது சொல்லும். அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக ஓடும். முதலியார்பேட்டையில் டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

"அது வழக்கமா வரதுதான். சிப்பு கம்பெனிக்காரன் குடுத்த புரோகிராம் கோடு. ஒண்ணும் ஆவாது. கண்டுக்காத."

கார்குழலியும் கண்டுகொள்ளவில்லை. மற்றவர்களைப் போல அவள் விரலும் அந்தப் பத்தியைத் தானாகவே தள்ளிவிட்டுக் கீழே போகப் பழகியிருந்தது.

அது மீன்பிடி விசைப்படகுகளுக்கான பெட்டி. போன் சிக்னல் எடுக்காத ஆழ்கடலில் ஆபத்து என்றால் அதிலுள்ள சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். படகு எங்கே இருக்கிறது என்பதைப் பெட்டி செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு அனுப்பும். பொத்தானை அமுக்கியதும் பச்சை விளக்கு எரியும். பெட்டிக்குள் இருக்கும் சிப்பில் நான்கு கோர்கள். நான்கு பேர் ஒரே சமையலறையில் வேலை செய்வது மாதிரி அவை ஒரே நேரத்தில் ஓடும். அவற்றை மேய்க்கும் அடிப்படை மென்பொருளான கெர்னல்தான் குழலியின் வேலை.

ஒரு பொருளை இரண்டு கோர்கள் ஒன்றாகத் தொட்டால் குழப்பம் வரும். அதனால் கெர்னலுக்குள் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பூட்டு உண்டு. ரேடியோவைத் தொட வேண்டுமானால் முதலில் ரேடியோ பூட்டைப் பிடிக்க வேண்டும், பேட்டரியைப் பார்க்க வேண்டுமானால் பேட்டரி பூட்டை. வேலை முடிந்ததும் விட வேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறார்களா என்று பார்ப்பதற்குச் சோதனைக் காலத்தில் ஒரு செக்கர் ஓடும். யார் எந்தப் பூட்டை எதற்குப் பின்னால் பிடிக்கிறார்கள் என்று அது நினைவில் வைத்துக்கொள்ளும். ஓர் இடத்தில் ரேடியோ முதலில், பேட்டரி பிறகு. வேறோர் இடத்தில் பேட்டரி முதலில், ரேடியோ பிறகு. இப்படி இரண்டையும் எப்போதாவது பார்த்துவிட்டால் அது கத்தும். அவை இரண்டும் நிஜமாக மோதிக்கொள்ள வேண்டியதில்லை. திங்கட்கிழமை ஒன்றும் வெள்ளிக்கிழமை ஒன்றும் நடந்திருந்தாலும் போதும்.

மே மாதத்தில் ஒரு நாள் குழலி அந்தச் செக்கரின் கோடு ஃபைலையே திறந்து படித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. ஏசி ஓடவில்லை, மற்றவர்கள் டீ குடிக்கக் கீழே போயிருந்தார்கள், கூட்டத்தோடு நின்று டீ குடிப்பது அவளுக்குப் பிடிக்காது. படித்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்றாள். மறுபடி மேலே போய்ப் படித்தாள்.

ஒரு முறை கத்தியதும் செக்கர் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. ஒரு தவறு நடந்துவிட்ட பிறகு தன் கணக்கையே நம்ப முடியாது என்பதால் அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் தப்பும் இல்லை. செக்கர் பேசும், ஒரே ஒரு முறை பேசும், பிறகு அடுத்த தடவை ஆன் செய்யும் வரை வாயைத் திறக்காது.

அந்த ஒரு பேச்சை இவர்களுடைய பெட்டி, ஆன் செய்த சில நொடிகளிலேயே சார்ஜருக்காகச் செலவழித்துக்கொண்டிருந்தது. ஒன்றுமில்லாத சார்ஜருக்காக. அதற்குப் பிறகு மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஓட்டிய சோதனைகள் எதையும் செக்கர் பார்க்கவே இல்லை. பூட்டுப் பிழை வேறெதுவும் இல்லை என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தது, பார்க்காத கண்ணை நம்பி.

குழலி சார்ஜர் கோடு ஃபைலைத் திறந்தாள். சின்ன வேலைதான். சரிசெய்து, கெர்னலை மறுபடி கட்டிப் பெட்டியில் ஏற்றினாள். வழக்கமான பத்தி வரவில்லை. சோதனைகளை ஓடவிட்டுவிட்டுச் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தாள். சாப்பிட்டுக் கைகழுவி வந்தபோது திரையில் புதிதாக ஒரு பத்தி நின்றிருந்தது. ரேடியோ. பேட்டரி.

செம்மல் வந்ததும் அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். ரேடியோ கோடு முழுக்க அவர் எழுதியது. மூலக்குளத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருவார். எந்த வேலையிலும் அவசரப்படாத மனிதர். சட்டை பெரும்பாலும் கறுப்பு.

"என்னாம்மா இது, புதுசா?"

"புதுசு இல்ல சார். இருந்திருக்குது. நாமதான் பாக்கல."

அவள் விஷயத்தைச் சொன்னாள். பொத்தானை அமுக்கினால் ஒரு கோர் ரேடியோ பூட்டைப் பிடிக்கிறது. சேதியோடு பேட்டரி அளவையும் அனுப்ப வேண்டும் என்பதால் அடுத்துப் பேட்டரி பூட்டுக்குப் போகிறது. பேட்டரி இறங்கிவிட்டால் இன்னொரு கோர் பேட்டரி பூட்டைப் பிடிக்கிறது. ரேடியோவின் சக்தியைக் குறைக்க வேண்டும் என்பதால் அடுத்து ரேடியோ பூட்டுக்குப் போகிறது. இரண்டும் ஒரே கணத்தில் நடந்தால் ஆளுக்கு ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டு அடுத்தவனுடையதற்காக நிற்கும். நின்றுகொண்டே இருக்கும்.

செம்மல் நெற்றியைத் தேய்த்தார். "வாட்ச்டாக் இருக்குல்ல? பெட்டி நின்னா அதுவே ரீபூட் பண்ணிடும்."

"பெட்டி நிக்காது சார். ரெண்டு கோர்தான் நிக்கும். வாட்ச்டாக்குக்கு சோறு போடறது மத்த ரெண்டும். அதுங்க நல்லாத்தான் ஓடும். பச்ச லைட்டும் எரியும்."

"சேதி?"

"போவாது."

அவர் திரையில் அந்தப் பத்தியை மறுபடி படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இனியவன் கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றார்.

"நான் சொல்றேன்."

செம்மல் அவளை நிமிர்ந்து பார்த்தார். மீட்டிங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடச் சாட்டில் பதில் அடிப்பவள் குழலி. அவள் வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் அதைப் பிரேம் போட்டு மாட்ட வேண்டும் என்று அலுவலகத்தில் கேலி உண்டு.

இனியவன் கம்பெனியின் முதலாளி. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், மகன் படித்ததும் பிரெஞ்சுப் பள்ளியில். ஊர்க்காரர்கள் அவரைப் பிரெஞ்சு வழக்கப்படி 'முசே' என்பார்கள். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கடலோர ஊர்களுக்கு அவரே நேரில் போய், தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்குவதற்கு முன்னால் பெட்டி கைக்கு வந்துவிடும் என்று வாக்குக் கொடுத்திருந்தார். குழலி சொன்னதை முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது வரைக்கும் எப்பவாவது நின்னிருக்குதா?"

"இல்ல சார்."

"தடைக்கு முன்னாடி டிரையலுக்குப் போன போட்டுங்கள்ல?"

"இல்ல."

"கோட மாத்தினா என்னா ஆவும் தெரியுமா? சர்ட்டிஃபிகேட் குடுக்கற லேப்ல முழு சாஃப்ட்வேருக்கும் சேத்துதான் முத்திர குடுத்திருக்காங்க. ஒரு வரி மாறினாலும் முதல்லேர்ந்து டெஸ்ட். அது முடியறதுக்குள்ள போட்டுங்க கடலுக்குப் போயிடும். பெட்டியே இல்லாம." அவர் குரலை உயர்த்தவில்லை. "அதுவும் இல்லாம, நாம குடுக்கற பெட்டியில செக்கரே இருக்காது. அது டெஸ்ட்டுக்கு மட்டும்தான். அப்புறம் இந்த வார்னிங் எங்கேர்ந்து வரும்?"

"செக்கர் இருக்காது சார். லாக்கு இருக்கும்."

"அப்ப நிக்க வச்சுக் காட்டு. என் கண்ணு முன்னாடி நிக்கட்டும். நானே லேபுக்கு போன் பண்றேன்."

அவள் அந்த வாரம் முழுக்க முயன்றாள். பொத்தானை அமுக்க ஒரு சிறு இயந்திரக் கை, பேட்டரியை இறக்க ஒரு மின்சுற்று. பெட்டி ஒவ்வொரு தடவையும் சேதியை அனுப்பியது. சிணுங்காமல், தயங்காமல் அனுப்பியது. இரண்டு பூட்டுகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி அவ்வளவு சின்னது. அந்த இடைவெளியில் வேண்டுமென்றே ஒரு சிறிய தாமதத்தைப் போட்டாள். உடனே நின்றது. பச்சை விளக்கு எரிந்தபடி நின்றது.

இனியவன் வந்து பார்த்தார். "நடுவுல நீயா தூங்க வச்சா எதுதான் நிக்காது? இது ஏமாத்து வேல."

"இல்ல சார். இது நடக்கும்னு காட்டறேன்."

"தானா நடந்தா கூப்பிடு."

"தானா நடக்கறப்ப என்னால உங்கள கூப்பிட முடியாது. நடுக்கடல்ல இருக்கறவன்தான் கூப்பிடுவான். அவன் கூப்பிடறதும் உங்களுக்கு வராது."

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் தங்கள் திரையைப் பார்த்தார்கள். இனியவன் எழுந்தார். "பெட்டி இல்லாம போறதுக்கு இது எவ்வளவோ மேல், குழலி. நீ படகுக்காரக் குடும்பம்தான? உனக்கே தெரிய வேணாமா?"

"மேல் இல்ல. பெட்டி இல்லாதவன் வயர்லெஸ்ல கத்துவான், துணியக் கொளுத்துவான், பக்கத்து போட்டுக்கு ஆட்டிக் காட்டுவான். பெட்டி இருக்கறவன் அமுக்கிட்டு பச்ச லைட்டப் பாத்துட்டு உக்காந்திருப்பான்."

பேசி முடித்ததும் குழலி தன் திரைப் பக்கம் திரும்பினாள். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் அவள் அம்மா அன்னக்கிளி ஐஸ் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தடைக்காலத்தில் வெளியூர் மீன்தான், அதுவும் கொஞ்சம்தான். தம்பி அஜித் வாசலில் உட்கார்ந்து வலையில் ஓட்டை பார்த்தான். தடை முடிந்ததும் சுப்ரமணி என்பவரின் விசைப்படகில் போகிறவன் அவன். அந்தப் படகுக்கும் ஒரு பெட்டி வரப்போகிறது.

"மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?" என்றாள் அம்மா. "உங்க முசே திட்டினானா?"

குழலி சொல்லிப் பார்த்தாள். கெர்னல், கோர் என்றதும் அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். "எனக்குப் புரியற மாதிரி சொல்லுடி."

"நீயும் சொர்ணம் அத்தையும் மார்க்கெட்டுல பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கீங்க. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு தராசு, ஒரு அரிவாமனை. மீன வெட்டி நிறுத்துக் குடுக்க ரெண்டும் வேணும். நீ தராச எடுத்துட்டு அரிவாமனைக்கு நிக்கற. அத்த அரிவாமனைய எடுத்துட்டு தராசுக்கு நிக்குது. கையில இருக்கறத ரெண்டு பேரும் கீழ வைக்க மாட்டீங்க."

"நான் எதுக்கு நிக்கறேன்? அவ கொண்டைய புடிச்சு இழுத்து வாங்குவேன்."

"இழுக்கக் கூடாது. வேல முடிஞ்சு அவங்களா குடுக்கற வரைக்கும் நிக்கணும். சட்டம் அப்படி."

"எவன் போட்ட சட்டம்?"

"நாங்கதான் போட்டோம்."

"அப்ப உங்களுக்குத்தான் அறிவு இல்ல."

அஜித் சிரித்தான். "அக்கா, அம்மாவ உங்க பெட்டிக்குள்ள உட்டுடு. ஒரு பூட்டு இருக்காது."

"அதுக்கு வழி இருக்குதும்மா," என்றாள் குழலி. "யாரா இருந்தாலும் முதல்ல தராசு, அப்புறம்தான் அரிவாமனைன்னு வச்சுட்டா போதும். தராசு கெடைக்காதவங்க அரிவாமனையத் தொடவே மாட்டாங்க. எல்லா இடத்துலயும் ஒரே வரிச. அத மாத்தத்தான் உட மாட்டேங்கறாங்க."

அன்னக்கிளியின் கை ஐஸ் பெட்டி மேல் நின்றது. "இவன் பொத்தான அமுக்கறப்ப அந்த மாதிரி ஆயிடுச்சுன்னா?"

"பச்ச லைட்டு எரியும். சேதி போவாது."

"யே அக்கா, நீயே கட்டின பெட்டிய நீயே ஏன் இப்படிப் பேசற?" என்றான் அஜித். "தடைக்கு முன்னாடி டிரையல் போட்டுல சும்மா அமுக்கிப் பாத்தோம். ஒடனே கரைலேர்ந்து போன் வந்துச்சு. சூப்பரா இருந்துச்சு."

"சும்மா அமுக்கினா வரும்டா."

பெட்டி கொடுக்கும் நாள் வந்தது. குழலியின் ஊர் மாரியம்மன் கோயில் பந்தலில் பஞ்சாயத்தார் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். படகுக்காரர்கள் சுற்றி நின்றார்கள். பெண்கள் வழக்கம்போலப் பந்தலுக்கு வெளியே, வலைக்கூடத்தின் நிழலில். இனியவன், செம்மல், குழலி மூவரும் வேனிலிருந்து அட்டைப் பெட்டிகளைத் தூக்கி வந்து பந்தலுக்குள் அடுக்கினார்கள். அடுக்கி முடித்ததும் குழலி தானாகவே வெளியே வந்து அம்மா பக்கத்தில் நின்றுகொண்டாள்.

இனியவன் ஒரு பெட்டியை மேசை மேல் வைத்துப் பொத்தானை அமுக்கினார். பச்சை விளக்கு எரிந்தது. சேதி வந்து, பஞ்சாயத்துத் தலைவர் கலியபெருமாளின் கையிலிருந்த போன் ஒலித்தது. இன்னொரு முறை. போன் ஒலித்தது. இளைஞர்கள் விசிலடித்தார்கள். ஒருவன், "முசே, எங்க ஆயா வீட்டுல தொலைஞ்ச கோழிக்கும் ஒண்ணு மாட்டி உடுங்க" என்றான். இனியவனும் சிரித்துவிட்டார்.

கலியபெருமாள் முதல் பெயரைக் கூப்பிட்டார். "சுப்ரமணி."

"அத குடுக்காதீங்க," என்றாள் குழலி.

அவளுக்கே கேட்கவில்லை. சுப்ரமணி கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனார்.

அன்னக்கிளி மகளின் முதுகில் கையை வைத்துத் தள்ளினாள். "இங்க நின்னு முணுமுணுத்தா எவனுக்குடி கேக்கும். உள்ள போ."

குழலி பந்தலுக்குள் நடந்தாள். பாயில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், "ஏம்மா, பஞ்சாயத்துல பொம்பளைங்க எதுக்கு?" என்றார்.

"பெட்டிய தூக்கிட்டு உள்ள வந்தப்ப யாரும் கேக்கலீங்களே," என்றாள் அவள்.

வெளியே பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. குழலி மேசையைப் பிடித்துக்கொண்டு கலியபெருமாளைப் பார்த்துப் பேசினாள். பெட்டிக்குள் ஒரு கோளாறு இருக்கிறது. பொத்தானை அமுக்குவதும் பேட்டரி இறங்குவதும் ஒரே நொடியில் நடந்தால் சேதி போகாமல் நின்றுவிடும். பச்சை விளக்கு மட்டும் எரியும். சரிசெய்ய முடியும். ஆனால் தடை முடிவதற்குள் முடியாது.

இனியவனின் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் நிதானமாகத்தான் சொன்னார். "இது கம்ப்யூட்டர்ல வர ஒரு வார்னிங்குங்க. தியரி. ஒரு தடவகூட பெட்டி நின்னதில்ல. வேணும்னா இந்தப் பொண்ணையே கேளுங்க."

"நின்னிருக்குதாம்மா?" என்றார் கலியபெருமாள்.

"நின்னதில்லீங்க."

"நீயே நிக்கலங்கற. அப்புறம் என்னாத்துக்கு பெட்டிய வேணாங்கற?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அஜித் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். ஓடி வெளியே போய்விடலாம் என்று குழலியின் கால் சொன்னது. அவள் மேசையை இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

"நல்ல நாள்ல பொத்தான மட்டும்தான் அமுக்கறீங்க. அதனால நிக்கல. கெட்ட நாள்ல எப்ப அமுக்குவீங்க? பலக பேந்து தண்ணி ஏறி, இன்ஜின் நின்னு, பேட்டரி எறங்கறப்பதான் அமுக்குவீங்க. நாங்க சோதிச்சப்ப அது ரெண்டும் ஒரே கணத்துல வந்து மோதல. உங்களுக்கு ரெண்டும் சேந்துதான் வரும். அது தியரி இல்லீங்க."

சுப்ரமணி நீட்டிய கையை மெல்ல இறக்கினார்.

"அதுக்கும் சான்ஸ் ரொம்ப ரொம்பக் கம்மி," என்றார் இனியவன். "நான் உறுதி தரேன். கம்பெனி என்னுது."

கலியபெருமாள் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கேட்டார். பிறகு பூசாரியைப் பார்த்துத் தலையசைத்தார். ஒரு தட்டில் கற்பூரம் வந்தது. அந்த ஊரில் வலைச் சண்டையானாலும் திருட்டுப் புகாரானாலும் கடைசியில் அதுதான். எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்கிறவன் சொல்லுக்கு மேல் பேச்சு கிடையாது.

"நான் அடிக்கறேன்," என்று இனியவன் சட்டைக் கையை மடித்தார்.

"நீங்க விக்கறவரு முசே. பெட்டிய செஞ்சவரு யாரு?"

இனியவன் செம்மலைப் பார்த்தார். செம்மல் முன்னால் வந்தார். "ரேடியோ நான் எழுதினதுதாங்க."

"அடிங்க. இந்தப் பொத்தான எங்க புள்ளைங்க எப்ப அமுக்கினாலும் சேதி போவும்னு சொல்லி அடிங்க. பெட்டிய இப்பவே எடுத்துக்கறோம்."

"எனக்கு இதுல நம்பிக்க இல்லீங்க," என்றார் செம்மல். "நாங்க சாமி கும்புடற குடும்பம் இல்ல."

"அட, நம்பிக்க இல்லாதவருக்குக் கை வைக்கறதுல என்னா கஷ்டம்?" என்றது ஒரு குரல். கூட்டம் சிரித்தது. இனியவன் தாழ்ந்த குரலில், "செம்மல், சும்மா தட்டிட்டு வா. உனக்கு அது வெறும் நெருப்பு" என்றார்.

செம்மல் தட்டைப் பார்த்தார். சுடர் காற்றில் சாய்ந்து நிமிர்ந்தது. அவர் கை கொஞ்சம் உயர்ந்தது. குழலி அவரைப் பார்க்காமல் மேசையிலிருந்த பெட்டியையே பார்த்தாள். பார்த்தால் அவரைக் கெஞ்சுவது போல ஆகிவிடும். கெஞ்ச அவளுக்கு விருப்பமில்லை.

"வைக்க மாட்டேன்," என்றார் செம்மல்.

"சாமிக்காகவா?"

"இல்லீங்க. பொய் சத்தியம் பண்ணக் கூடாதுங்கறதுக்கு சாமி இருந்தாத்தான் ஆச்சுன்னு இல்ல. இந்தப் பொண்ணு சொல்றது நெஜம். அது என் கோடு. வரிச தப்பா இருக்குது."

கற்பூரம் தானாக எரிந்து அடங்கியது. தட்டில் கறுப்பாக ஒரு வட்டம் மிஞ்சியது.

"பெட்டிய வண்டியில ஏத்துங்க," என்றார் கலியபெருமாள்.

உடனே கூச்சல் கிளம்பியது. இத்தனை நாள் காத்திருந்தோம், வெறுங்கையோடு போகச் சொல்கிறீர்களா என்று இளைஞர்கள் கேட்டார்கள். ஒருவன் குழலியின் முகத்துக்கு நேராகவே, "படிச்ச புள்ள ஊருக்கு நல்லது பண்ணும்னு பாத்தா, வந்ததையும் திருப்பி அனுப்புது பாரு" என்றான். அவள் ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனைத் தாண்டி நடந்தாள்.

அஜித் வேன் வரை கூடவே வந்தான். அவன் கோபத்தில் இருந்தான். "என் போட்டுல முதல் பெட்டி. நீதான் வாங்கித் தந்தன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சுட்டுப் போவேன்?"

"இந்த மூஞ்சியத்தான். வயர்லெஸ்ஸ ஆஃப் பண்ணாத. பக்கத்து போட்ட கண்ணுல வச்சுட்டே போ."

"அதான் எப்பவும் பண்றோமே."

"அதையே பண்ணு. இந்தப் பெட்டி இருந்தா அத உட்டுடுவ."

அவன் அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கி வேனுக்குள் தள்ளினான். கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் தள்ளினான். பிறகு அடுத்த பெட்டியை எடுக்கப் போனான்.

கடைசிப் பெட்டி ஏறியதும் இனியவன் வேன் கதவருகே வந்து நின்றார். சட்டைக் கை இன்னும் மடித்தபடியே இருந்தது. "நாளைலேர்ந்து நீ வர வேணாம், குழலி."

அவள் எதிர்பார்த்ததுதான். "சரி சார். இன்னிக்கி இருக்குல்ல?"

"என்னாது?"

"இன்னிக்கி வேல இருக்குல்ல. இன்னும் மதியமே ஆவல."

பதிலுக்குக் காத்திருக்காமல் ஏறி, அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தாள். செம்மல் அவளுக்குப் பின்னால் ஏறி, முழங்கால்களை மடக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். இனியவன் கொஞ்ச நேரம் வெளியே நின்றார். பிறகு முன்சீட்டில் ஏறிக் கதவை ஓங்கிச் சாத்தினார். வேன் மணல் பாதையிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறும்போது பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"பேட்டரி அளவ முன்னாடியே படிச்சு வச்சுட்டு, அப்புறமா ரேடியோ லாக்க புடிக்கணும்," என்றார் செம்மல். "அப்ப ரேடியோவ கையில வச்சுட்டுப் பேட்டரிக்குப் போக வேண்டியதே இல்ல. ஒரு மணி நேர வேலம்மா இது. இதுக்கா இவ்ளோ."

"அது ஒரு இடம் சார். செக்கர் அத சொல்லிட்டு மறுபடி வாய மூடிடுச்சு. அதுக்கு அப்புறம் எதையும் அது பாக்கல. இத சரி பண்ணிட்டு ஓட்டணும். அடுத்தது வந்தா அதையும் சரி பண்ணிட்டு ஓட்டணும். அது தானா பேச ஒண்ணும் இல்லாம முழுசா ஓடி முடியற வரைக்கும்."

செம்மல் பெருமூச்சு விட்டார். "மேல மேல வந்துட்டே இருந்தா?"

"வரட்டும்."

முன்சீட்டில் இனியவன் போனைக் கையில் வைத்திருந்தார். லேபின் பெயர் திரையில் இருந்தது, அவர் இன்னும் அமுக்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"மொத்தம் எத்தன எடம் இருக்கும்? லேப்ல கேப்பாங்க. நான் என்னான்னு சொல்றது?"

"தெரியாது சார்," என்றாள் குழலி. "தேடிப் பாக்காம சொல்ல மாட்டேன்."

இனியவன் பொத்தானை அமுக்கிப் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.